கணக்கிட்டு வாங்குவோம்: சி.என்.சி. இயந்திரத்திற்கு மோட்டாரும் பவர் சப்ளையும்



எண்களால் கட்டளையிட்டு இயந்திரத்தை இயக்கும் முறை, 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. கணினியின் துணையால் அது சி.என்.சி. எனும் பெயர் பெற்று வளர்ந்தது. இன்று மேசை மீது அடங்கும் சிறு இயந்திரத்தை நாமே பூட்டி, மரப்பலகையில் எழுத்துகளைச் செதுக்கலாம். அதன் மூன்று திசை அசைவுகளுக்கும் மோட்டார்கள் தேவை. கடையில் உள்ளவற்றுள் பெரியதையே வாங்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு. வேலையை முதலில் அறிந்து, பின் மோட்டாரையும், இறுதியில் பவர் சப்ளையையும் தேர்வதே முறையாகும்.

இவ்வியந்திரங்களில் பெரும்பாலும் பயன்படுவது ஸ்டெப்பர் மோட்டார். அது படிப்படியாகச் சுழலும். ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒரு படிக்கு 1.8 பாகை. ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டுடன் இணைத்தால், ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர் நகரும். எத்துணை நுட்பம்! ஆயினும், சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரில், தான் நகர்ந்ததா என்பதைத் திரும்ப அறிவிக்கும் வழி இல்லை. சுமை மிகுந்தால் படிகள் தவறும். கணினியோ அதை அறியாமல் மேலும் கட்டளையிடும். எழுத்துகள் இடம் மாறி, பலகையும் உழைப்பும் பாழாகும்.

1. முறுக்கு விசை

நீமா 17, நீமா 23 எனும் எண்கள் மோட்டாரின் முகப்பு அளவையே (1.7 அங்குலம், 2.3 அங்குலம்) குறிக்கும், வலிமையை அன்று. வலிமையை நியூட்டன் மீட்டரில் காண வேண்டும். 1 நியூட்டன் மீட்டர் மோட்டாரை மேற்கூறிய தண்டுடன் இணைப்போம். 2 × 3.14 × 1 ÷ 0.008 = 785 நியூட்டன். உராய்வில் பாதி வீணாவதாகவும், வேகத்தில் மீண்டும் பாதி குறைவதாகவும் கொண்டால், ஏறத்தாழ 196 நியூட்டன் எஞ்சும். இது 20 கிலோ எடைக்கு நிகர். மரத்தை மெல்ல மெல்லச் செதுக்க இதுவே போதும்.

2. வோல்ட்

2.8 ஆம்பியர், 0.9 ஓம் உள்ள மோட்டாருக்குக் கணக்குப்படி 2.5 வோல்ட் போதும். அப்படியிருக்க 36 வோல்ட் ஏன்? கம்பிச் சுருள் மின்னோட்டம் விரைந்து ஏறுவதைத் தடுக்கிறது. அத்தடையை வெல்ல உயர்ந்த வோல்ட் வேண்டும். டிரைவர் எனும் கருவி ஆம்பியரை அளவோடு நிறுத்துவதால் மோட்டார் கருகாது. ஆக, ஆம்பியர் விசையைத் தரும். வோல்ட் வேகத்தைத் தரும்.

உச்ச வரம்புக்கு ஓர் எளிய விதி உண்டு. சுருளின் மில்லிஹென்றி அளவின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்க வேண்டும். 2.5 மில்லிஹென்றிக்கு ஏறத்தாழ 50 வோல்ட் வரும். ஆனால் டிரைவர் தாங்குவதும் 50 வோல்ட்தான் எனில், 36 வோல்ட்டே தக்கது. ஏனெனில் வேகம் குறையும்போது மோட்டாரிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து வோல்ட்டை உயர்த்தும்.

3. ஆம்பியர்

மூன்று மோட்டார்களுக்கு 8.4 ஆம்பியர். நடைமுறையில் அதில் மூன்றில் இரு பங்கு, அதாவது 5.6 ஆம்பியர் போதும். 36-ஆல் பெருக்க, ஏறத்தாழ 202 வாட். சற்றுக் கூடுதலாக 350 வாட் பவர் சப்ளை வாங்கினால் கவலையில்லை.

எச்சரிக்கை

பவர் சப்ளைக்குள் வருவது 230 வோல்ட். மின்வேலை அறிந்த பெரியவரைக் கொண்டே இணைப்புக் கொடுக்க வேண்டும். எர்த் கம்பி கட்டாயம். மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியைக் கழற்றினால் டிரைவர் பழுதாகும். உடனே நிறுத்தும் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை ஆண்டவர் இயேசு உவமையால் உணர்த்தினார். நாம் செலவிடும் பணம் பெற்றோரின் வியர்வை. வகுப்பில் கற்ற பெருக்கலும் வர்க்கமூலமும் அதைக் காக்குமெனில், கற்ற கல்வி பயன் தந்ததென மகிழ்வோம்!