ஒன்ராறியோவுக்குப் புதிதாகக் குடிவந்தீர்களா?

நிரந்தர வதிவிட உரிமையோடு பிரம்டன், மில்டன் போன்ற வேகமாக வளரும் ஊர்களில் இறங்கியதும் செய்ய வேண்டியவை:

1. சர்வீஸ் கனடாவில் 'சின்' எனும் சமூகக் காப்புறுதி எண்ணை எடுங்கள். கட்டணம் கிடையாது, வேலை தருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

2. ஓஹிப் மருத்துவ அட்டைக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தின் அசலைக் கொண்டுபோங்கள். நகல் காட்டினால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

3. வீட்டுக்கு முன்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் கேட்பது சட்டப்படி தவறு.

4. ஆங்கிலம் படிக்க 'லிங்க்' வகுப்பில் சேருங்கள். அரசே செலவை ஏற்கிறது.

5. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 211ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் உண்டு. 'தமிழ்' என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.