சுவரில் பதிந்த கைகள்

தொழிற்சாலையில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் வழங்கி, விருந்துபசரிப்பு நடத்துவது மலேசியாவில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால், நினைவுச் சின்னம் அவருடன் வீட்டுக்குச் சென்றுவிடும். உழைத்த இடத்தில் அவருக்கென்று எதுவும் மிஞ்சாது.

கோலாலம்பூர், செத்தாபாக்கில் உள்ள ராயல் சிலாங்கூர் நிறுவனத்தில் நிலைமை சற்று வேறு. சீனாவிலிருந்து வந்த யோங் கூன் 1885இல் தொடங்கிய இத்தொழிலை அவர் குடும்பத்தினரே இன்றும் நடத்துகின்றனர். வெள்ளீயத்துடன் சிறிதளவு செம்பும் ஆண்டிமனியும் கலந்த உலோகம் பியூட்டர். அதில் செய்த கிண்ணத்தின் மேல் சுத்தியலால் தட்டித் தட்டிச் சிறு குழிகளை வரிசையாகப் பதிப்பது கைவேலை. ஓர் அடி பிசகினாலும் வரிசை கோணலாகிவிடும். இந்தக் கைத்திறன் ஓரிரு வாரத்தில் வந்துவிடாது. கிண்ணத்தை வாங்குபவருக்கோ அதைத் தட்டியவர் யாரென்றே தெரியாது.

அந்நிறுவனத்தின் வருகையாளர் மையத்தில் ஒரு சுவர் இருக்கிறது. நீண்டகாலம் பணியாற்றிய தொழிலாளர்களின் கைப்பதிவுகளைப் பியூட்டரிலேயே செய்து அதில் பொருத்தியிருக்கிறார்கள். ஒருவர் 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய கை அங்கேயே இருக்கும். பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, “இது தாத்தாவின் கை” என்று அவரால் காட்ட முடியும்.