மாத்திரை உணவாகுமா?

உடல் மெலிய வேண்டுமென்று காலை உணவை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக வைட்டமின் மாத்திரை விழுங்குவோர் உண்டு. இது சரியா?

வைட்டமின்களும் தாது உப்புகளும் தாமே ஆற்றல் தருவன அல்ல. உணவிலிருந்து உடல் ஆற்றல் பெறத் துணைபுரிவன. ஆகவே அவை உணவுக்கு ஈடாகா. உடலை மெலியச் செய்வதும் இல்லை, பருக்கச் செய்வதும் இல்லை. அளவு மீறினால் தீங்கும் உண்டு. கொழுப்பில் கரையும் வைட்டமின் 'ஏ' உடலில் தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கும்.

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உணவைக் குறைத்தால் இதுவும் குறையும். இரத்தசோகையும் சோர்வும் தொடரும். எனவே, 2013இல் தொடங்கிய திட்டப்படி பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை, 'பருத்துவிடுவோம்' என அஞ்சி எறியாதீர்கள். உண்டபின் விழுங்குங்கள், உடனே தேநீர் பருகாதீர்கள். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். மற்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்னால் மட்டுமே உண்ணுங்கள்.

மெலிய விரும்பினால் எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறையுங்கள். கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை ஆகியவற்றை விடாதீர்கள். நாள்தோறும் ஓடி விளையாடுங்கள். இறைவன் தந்த உடலைப் பேணுவோம்!