கடற்கரைக் காவல்

நாட்டிற்கு இன்றியமையாத உறுப்புக்கள் எனப் பண்டைத் தமிழர் வகுத்தவற்றுள் அரணும் ஒன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, நீரும் மலையும் காடும் மதிலும் அமைய வேண்டிய திறத்தை விரித்துரைத்தார். ஆயினும், அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும் செயற்றிறம் இல்லாதார்க்கு அது பயன்படாது என்றே அவ்வதிகாரத்தை முடித்தார். இம்முடிவின் உண்மையைத் தமிழக வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் நன்கு விளக்கும். ஒன்று பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்தது. மற்றொன்று சென்னைக் கடற்கரையில் நிகழ்ந்தது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தது மண்ணாலாகிய கோட்டையே. 1799ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையையும் இடித்துத் தள்ளினர். 1801 பிப்பிரவரியில், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவனைச் சேர்ந்தோரும் சில நாட்களுக்குள் அக்கோட்டையை மீண்டும் எழுப்பினர். மார்ச்சு 31ஆம் நாள் அதனைத் தாக்கிய கும்பினிப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. மேலும் பெரும்படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னரே, மே 24ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது. மண்சுவர் தோற்றது, ஆனால் அதனைக் காத்தவர் கண்ணயர்ந்தமையால் தோற்றதன்று.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் வரலாறு வேறு வகையானது. கி.பி. 17ஆம் நூற்றாண்டில் கடலோரத்தில் எழுந்த அக்கோட்டையை 1746இல் பிரெஞ்சுக்காரர் எளிதிற் கைப்பற்றினர். 1749இல் மீளப் பெற்ற ஆங்கிலேயர் மதில்களை வலுப்படுத்தினர். அதனால், 1758 இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி முற்றுகையிட்டபோது கோட்டை அசையாது நின்றது. கடலை நோக்கிப் பீரங்கிகளை வரிசையாக நிறுத்திய இடத்தை ஆங்கிலேயர் 'பேட்டரி' என்றனர். இராயபுரத்துக்குச் செல்லும் வழியில் 'கிளைவ் பேட்டரி' என வழங்கும் இடப்பெயர் அதனை இன்றும் நினைவூட்டும்.

1914ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் முதல் உலகப்போர் மூண்டது. போர்க்களம் ஐரோப்பாவில் இருந்தமையால், சென்னை மக்கள் தம் கரைக்கு இடர் வரும் என எண்ணவில்லை. அப்போது எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் தனித்து வங்கக் கடலுட் புகுந்தது. 10.5 சென்டிமீட்டர் வாயகலமுடைய 10 பீரங்கிகளைத் தாங்கிய அக்கப்பலுக்குக் கார்ல் பான் முல்லர் தலைவர். மூன்று புகைபோக்கிகளை உடைய தம் கப்பலில் பொய்யாக நான்காவதொன்றை நிறுத்தி, ஆங்கிலக் கப்பல்போலத் தோன்றுமாறு செய்தவர் அவர். செப்டம்பர் மாதத்தில் அக்கப்பல் பல வாணிகக் கப்பல்களைப் பிடித்தது.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகியது. உயர்நீதிமன்றத்தின் உச்சியில் அமைந்திருந்த கலங்கரை விளக்கம் அமைதிக்காலத்திற்போலவே ஒளி வீசிக்கொண்டிருந்தது. நண்பர்க்கு வழிகாட்ட ஏற்றிய அவ்விளக்கே அன்று பகைவனுக்கும் வழிகாட்டியது! இரவு ஒன்பதரை மணியளவில், ஏறத்தாழ 3000 கெச தூரத்தில் நின்ற எம்டன், தன் தேடொளி விளக்கைப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மீது பாய்ச்சியது; அடுத்த கணம் குண்டுகள் பொழிந்தன. ஏறத்தாழ அரைமணி நேரத்திற்குள் 120க்கு மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. இரண்டு தொட்டிகள் தீப்பற்றின. மூன்று இலட்சம் காலனுக்கு மேற்பட்ட மண்ணெண்ணெய் எரிந்து வானைச் செந்நிறமாக்கிற்று. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்குண்டது, சிலர் உயிரிழந்தனர்.

கரைப் பீரங்கிகள் மறுமொழி கூறாமலில்லை; ஒன்பது முறை சுட்டன. ஆயினும் ஒரு குண்டும் இலக்கை எட்டவில்லை. எண்ணெய்த் தொட்டிகள் இடம்பெயராதவை; ஒளியிலும் நின்றவை. கப்பலோ விளக்கை அணைத்தவுடன் இருளோடு இருளாகி விரைந்தகன்றது. பகைவன் வருமுன் காணவேண்டிய காவல், அவன் அடித்த பின்னரே விழித்தது. விழித்தபோது குறிபார்ப்பதற்கு இலக்கே இல்லை.

எரிந்த எண்ணெயினும் பெரியது மக்கள் உள்ளத்து எழுந்த அச்சம். பல்லாயிரவர் நகரை விட்டு உள்நாட்டூர்களுக்கு ஓடினர். புகைவண்டி நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. ஆங்கிலேயர் வாணிகத்தைக் குலைத்து, இந்தியரிடையே அவர்க்கிருந்த மதிப்பைக் குறைப்பதே முல்லரின் நோக்கமாகும். அந்நோக்கம் ஒரே இரவில் நிறைவேறியது.

எனினும் எம்டனின் வெற்றி நீடிக்கவில்லை. 1914 நவம்பர் 9ஆம் நாள், கோகோசுத் தீவுகளின் அருகே, அதனினும் பெரிய பீரங்கிகளையுடைய ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதனை எதிர்த்தது. சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார். அதன் வீரர்களுள் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் அழிந்தும் அதன் பெயர் அழியவில்லை. திறமும் தந்திரமும் மிக்கவனை 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழ்மக்கள் கூறலாயினர். ஓரிரவுத் தாக்குதல் ஒரு மொழிக்குப் புதிய சொல்லைத் தந்த விந்தை இது.

உயர்நீதிமன்ற மதிற்புறத்தில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்லொன்று பதிக்கப்பட்டுள்ளது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை எழுப்பியுள்ளது. பீரங்கியும் மதிலும் பழையனவாகிப் பயன் ஒழிந்துவிட்டன. அவை உணர்த்தும் பாடமோ பழையதாகவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற கோட்டைகளைக் காணச் செல்வோர், கல்லின் பருமனையும் பீரங்கியின் நீளத்தையும் மட்டும் அளந்து திரும்புதல் போதாது. அவ்வரணுள் நின்றவர் விழித்திருந்தனரா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியின் மண்ணுக்கு வலிமை தந்தது மாந்தரின் ஊக்கம். சென்னையின் பீரங்கிக்கு அன்று குறைவாயிருந்தது மாந்தரின் விழிப்பு. அரணைக் காப்பது அரணன்று, ஆள்வினையே ஆகும்.