பாட்டுப் பெட்டிக்கு எந்த ஒயர்?

சிப்பிகாட் தெற்கு அந்தமானில் உள்ள ஊர். போர்ட் பிளேரிலிருந்து 14 கி.மீ. தூரம். (போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது.) வண்டூர் கடற்கரைக்குப் போகும் வண்டிகள் இந்த வழியாகத்தான் போகும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடல் நீர் வயல்களில் ஏறியது. நிலமும் தாழ்ந்து போனது.

அப்படி வயலை இழந்த ஒரு வீட்டுப் பிள்ளை வாடகை வண்டி ஓட்டுகிறார். வண்டி கடனில் வாங்கியது. கல்யாணச் சவாரிக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். அதனால் பாட்டு செட், நான்கு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். ஒயர் வாங்கவில்லை. வீட்டில் லைட் போட்டபோது மிச்சமான ஒயர் இருந்தது. அதையே பேட்டரியிலிருந்து பின் சீட் வரை இழுத்து மாட்டினார்.

பாட்டு பாடியது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் ஹெட்லைட் மங்கியது. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒரு நாள் இரவு, வண்டி நிறையப் பிள்ளைகள். காலடி மேட்டுக்குக் கீழே தீய்ந்த வாடை வந்தது. உடனே நிறுத்தினார். எல்லோரையும் இறக்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். மேட்டைத் தூக்கினால், ஒயரின் தோல் உருகி ஒட்டியிருந்தது.

மறுநாள் ஒயரிங் வேலை செய்பவரிடம் போனார்.

"அண்ணே, வீட்டில் 230 வோல்ட் தாங்கின ஒயர் இது. வண்டியில் வெறும் 12 வோல்ட்தானே? எப்படி உருகியது?"

"தம்பி, ஒயரைச் சுட வைப்பது வோல்ட் இல்லை. ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பார்."

நீங்களும் வகுத்துப் பாருங்கள். 240 வாட் கருவி ஒன்று வீட்டில் ஓடுகிறது. 240ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 ஆம்பியர். அதே 240 வாட் வண்டியில் ஓடினால், 240ஐ 12ஆல் வகுக்க வேண்டும். விடை 20 ஆம்பியர். வேலை ஒன்றுதான். ஓட்டமோ இருபது மடங்கு! சின்ன வாய்க்காலில் பெரிய மடைத் தண்ணீரைத் திறந்துவிட்டது போல.

ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று எப்படித் தெரியும்? அட்டைப் பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் குத்தியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அதன் மேல் எண் இருக்கும். நிறமும் உண்டு. சிவப்பு என்றால் 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். இவருடையது மஞ்சள்.

அவர் போட்டது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். நீளம் 5 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் வீணாகும். 34 வாட் சூடாக மாறும். பற்றவைக்கும் சின்ன சோல்டரிங் அயர்னின் சூடு அது! 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் வீணாவது 0.3 வோல்ட்தான். ஒயர் கைக்குச் சுடாது.

அண்ணன் இன்னொன்றும் காட்டினார். இன்ஜினுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டை. அதில் ரப்பர் புஷ் இல்லை. தகட்டின் விளிம்பு ஒயர்த் தோலைப் பாதி அறுத்திருந்தது.

"செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கும். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் எங்கே?"

"ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறதே, அண்ணே?"

"அது ஆம்ப்ளிஃபயருக்குக் காவல். ஒயருக்குக் காவல் வேண்டாமா?"

பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒரு சாண் என்றால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு ஒயர் எங்கே தகட்டைத் தொட்டாலும் ஃபியூஸ் போய்விடும். தீப் பிடிக்காது. ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றிப் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். வண்டியில் அது கூடவே கூடாது.

அடுத்தது செம்பா, அலுமினியமா என்ற கேள்வி. கடையில் விலை குறைந்த தடித்த ஒயர் கிடைக்கும். மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். அதே தடிப்பில் செம்பு கடத்துவதில் முக்கால் பங்குகூட அலுமினியம் கடத்தாது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ஆனால் வெளியே வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஈயம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் தெரியும். சுரண்டினால் உள்ளே சிவப்பு. படகுகளில் போடுவது இதுதான். உப்புக் காற்றைத் தாங்கும். அந்தமானில் வண்டிக்கும் இதுவே ஏற்றது. கிடைக்காவிட்டால் பல இழை உள்ள சாதாரணச் செம்பு ஒயர் போடலாம். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். குலுங்கிக் குலுங்கி முறிந்துவிடும்.

கடலோரத்தில் இணைப்புகள்தான் முதலில் கெடும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மழைக்காலத்துக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிறகு அந்த இடமே சுடும். முனையில் லக் வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். எர்த் ஒயரும் பேட்டரி ஒயர் அளவு தடிப்பாக இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

ஸ்பீக்கருக்கு இவ்வளவு தடிப்பு தேவையில்லை. 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்கும். கடிகாரமும் வானொலி நிலையங்களும் அதனால்தான் நினைவில் நிற்கின்றன. சிவப்பு ஒயர் சாவியோடு சேர வேண்டும். இரண்டையும் பேட்டரியில் கட்டினால், செட்டை அணைக்க மறந்த இரவு பேட்டரி தீர்ந்துவிடும். கறுப்பு எர்த்.

புது ஒயரின் விலையைக் கேட்டதும் தம்பி தயங்கினார். கடன் தவணை கட்டும் வாரம் அது. மெல்லிய ஒயரையே மாட்டித் தரச் சொன்னார். அண்ணன் மறுத்தார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"செட் மட்டும் பாடட்டும். அதற்கு 1.5 ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும். பணம் சேர்ந்ததும் வா."

இரண்டு மாதம் செட் மட்டுமே பாடியது. பிறகு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வந்தது. 25 ஆம்பியர் ஃபியூஸ், ரப்பர் புஷ் எல்லாம் வந்தன. இப்போது சத்தத்தைக் கூட்டினாலும் ஒயர் சுடுவதில்லை.

கணக்குப் போடுங்கள்: ஒரு ஆம்ப்ளிஃபயரில் பச்சை ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி 12 வோல்ட். அது அதிகமாக எத்தனை வாட் இழுக்கலாம்?