நீராவிக் கலங்களின் உடைதகடும் உஷ்ணமும்

வெட்டிவேர், எலுமிச்சம்புல் முதலியவற்றிலிருந்து நீராவியால் தைலம் வடிக்கும் கலங்களை உடைய நிலச்சுவான்தார்கள் அழுத்த அபாயத்திற்குச் சேப்டி வால்வு ஒன்றையே காவலாக நம்புதல் போதாது. வேர்நாரும் பிசினும் வால்வின் அடியிற் படிந்து அதனை ஒட்டச் செய்துவிடக்கூடும். ஆதலின் வால்வுக்குக் கீழே மெல்லிய உலோகத் தகடொன்றைப் பொருத்துவதுண்டு. ரப்சர் டிஸ்க் எனப்படும் இவ்வுடைதகடு, குறித்த அழுத்தம் ஏறியதும் கிழிந்து நீராவிக்கு வழிவிடும். கிழிந்தபின் புதிய தகடே போடவேண்டும்.

தகட்டோடு வரும் சீட்டில் உடையும் அழுத்தமும் அதற்குரிய உஷ்ணமும் சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கும். முன்னதை மட்டும் பார்த்து வாங்குதல் பெரும் பிழையாகும். உலோகம் சூடேறுந்தோறும் வலுக் குறையும். சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ தாங்கும்படி செய்யப்பட்ட கலம் ஒன்று உளதெனக் கொள்வோம். 5 கிலோ அழுத்தத்தில் நீராவியின் உஷ்ணம் ஏறக்குறைய 159 டிகிரி சென்டிகிரேடாகும். 22 டிகிரியில் 5 கிலோவுக்கு உடையும் தகட்டை அங்கே வைத்து, அவ்வுஷ்ணத்தில் நூற்றுக்கு 85 பங்கு வலுவே மிஞ்சுமென்று செய்தவர் அட்டவணை காட்டினால், அது 4¼ கிலோவிலேயே கிழியும். சாதாரணக் குவிதகட்டை உடையும் அழுத்தத்தில் நூற்றுக்கு 70 பங்குக்குமேல் நாள்தோறும் வேலை வாங்கலாகாது. வாங்கினால் உலோகம் தளர்ந்து, அழுத்தம் மிகாமலே பாதி வடிப்பில் உடைந்துபோகும். அப்போது சினங்கொண்டு பட்டறையில் தடித்த தகரம் வெட்டிப் போடுவோரும் உளர். அது கலத்தையே வெடிகுண்டாக்குவதாகும்.

இதற்கு மாறானதே கொடிய அபாயம். 159 டிகிரியில் 5 கிலோவுக்கெனச் செய்த தகட்டை நீண்ட குழாயின் முனையில் வைத்தால், அங்கே நீராவி குளிர்ந்து நீராகித் தேங்கும், தகடு சூடேறாது. மேற்சொன்ன கணக்குப்படி அது 5.9 கிலோவரை உடையாமல் நிற்கும். கலமோ 5 கிலோவுக்கே உரியது! ஆகவே, கலத்தின் உஷ்ணத்தையன்று, தகடு அமையும் இடத்தின் உஷ்ணத்தையே செய்பவருக்கு எழுதியனுப்புக.

அலுமினியத் தகடு 120 டிகிரிக்குமேல் ஆகாது. 3 கிலோ நீராவியே 143 டிகிரி இருக்குமாதலின் அது இவ்வேலைக்கு உதவாது. துருப்பிடியா எஃகு ஏற்றது.

தகட்டுக்கும் வால்வுக்கும் இடையே அழுத்தமானி ஒன்று அவசியம். தகட்டில் ஊசித்துளை விழுந்து இடைவெளியில் 1 கிலோ அழுத்தம் சேர்ந்துவிட்டால், 5 கிலோத் தகடு 6 கிலோவிற்றான் உடையும். வடிப்பு முடிந்து கலம் ஆறுகையில் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தகட்டை உள்வாங்கும். இதனையும் முன்கூட்டியே தெரிவித்துத் தாங்கியுடன் கூடியதைப் பெறுதல் நன்று. தகட்டின் அம்புக்குறி நீராவி வெளியேறும் திசையை நோக்கியிருக்க வேண்டும். வால்விலிருந்து செல்லும் போக்குக்குழாயை ஆட்கள் நடமாடாத பக்கம் திருப்புக.

கலங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள், சீட்டிலுள்ள இரண்டு எண்களையும் தகடு மாற்றிய தேதியையும் பதிவேட்டில் குறித்துக்கொள்வாராக.