அலிபிரிப் படியும் நம் உடலும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். ஏறும்போது நம் உடலில் நடப்பது என்ன?

மூச்சு: உதரவிதானம் கீழிறங்க, நுரையீரல் விரிந்து காற்று உட்புகுகிறது. அங்குள்ள நுண்ணறைகளில் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது.

இரத்தம்: ஓய்வில் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடித்து, 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. படியேறும்போது கால் தசைகள் அதிகப் பிராணவாயு கேட்பதால் துடிப்பு இருமடங்காகலாம்.

எலும்பு: பெரியவர்களுக்கு 206. நம்மைத் தாங்குவது மட்டுமல்ல, பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பிறப்பதும் எலும்பு மஜ்ஜையில்தான்.

ஏற்றத்தில் ரயில் வேகம் குறைத்தே ஏறும். நாமும் காலி கோபுரம் வரை நின்று நின்று ஏறுவோம். நெஞ்சு இறுகினாலோ, இடது கை வலித்தாலோ, தலை சுற்றினாலோ, "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏறாதீர்கள். உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள். வேண்டுதலை இன்னொரு நாள் நிறைவேற்றலாம்.